எட்டின் இடது வளைவு

நேற்று காலை பட்டுக்கோட்டையில் நடந்த இருசக்கர வாகன ஓட்டுநர் தேர்வில் நான் தேறவில்லை. எட்டு போடும்போது இடது வளைவில் காலை ஊன்றிவிட்டேன். இதை எனக்குச் சொன்னவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நேரில், கையில் அட்டையோடு என் முன்னால் நின்று சொன்னார். இரண்டாவது ஆதாரம் என் இடது செருப்பு. மைதானத்தில் கோடு போட்டிருந்த சுண்ணாம்பு அதன் நுனியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று காலை அதைத் தட்டுவதற்காக வாசலுக்குப் போனவள், தட்டாமல் உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ இருந்திருந்தால் முதலில் நன்றாகச் சிரித்திருப்பாய். பிறகு, "எத்தன பேரு பாத்தாங்க லாத்தா?" என்று கேட்டிருப்பாய். உங்கள் அதிராம்பட்டினத்தில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். நீ அழைத்து அழைத்து, தஞ்சாவூர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையன்கள் அதுதான் என் பெயர் என்று நினைத்து "லாத்தா மேடம்" என்று போன் செய்த காலமும் உண்டு.

நான் செய்தியாளர், நீ புகைப்படக்காரி. நாளிதழ் நம் இரண்டு பேரையும் பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குச் சேர்த்துப் போட்டது. உன்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. அதனால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீ ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்தேன். புடவை என்பதால் ஒருபக்கமாக, இரண்டு காலும் இடப்பக்கம் தொங்க உட்காருவேன். இந்தப் பக்கத்துச் சாலைகளெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். போகும்போது ஒரு பக்கத்து வயல், திரும்பும்போது மறு பக்கத்துத் தென்னந்தோப்பு. முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டது நீ. "பள்ளம்." "மாடு." "லாரி, முந்தானைய இழுத்துக்க." என் சாலைச் செய்திகள் எல்லாவற்றுக்கும் நீதான் நிருபர்.

நீ ஓயாமல் என்னை ஓட்டச் சொல்வாய். நானும் ஓயாமல் மறுப்பேன். மல்லிப்பட்டினம் போகிற வழியில் ஒரு டீக்கடையில் நீ என்னைக் குறுக்கு விசாரணை செய்தது நினைவிருக்கிறது. உன் கிளாசில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாய்.

"ஏன் ஓட்ட மாட்டேங்கறே?"

"எனக்கு பேலன்ஸ் கெடையாது."

"யாரு சொன்னா?"

"எங்க வீட்ல எல்லாருமே சொல்லுவாங்க."

"எல்லாரும்னா? பேரு சொல்லு."

"பெரியப்பா."

"அவரு நேர்ல பாத்தாரா?"

"இல்ல. சித்தி சொல்லியிருப்பாங்க."

"சித்தி எத பாத்தாங்க? நீ சைக்கிள்லேருந்து விழுந்ததையா?"

நான் சைக்கிளில் ஏறியதே இல்லை. ஆறேழு வயதில் வரப்பில் நடந்து போகும்போது வழுக்கிச் சேற்றில் விழுந்தேன். பாவாடையும் தலைமுடியும் சேறாக வீட்டுக்கு வந்தேன். சித்தி பார்த்தது அதைத்தான். அன்றைக்கு யாரோ சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தை, கல்யாணம் ஆன பிறகும் என்னோடு வந்தது. என் தங்கைகள் சைக்கிள் கற்றார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் நீ கிளாசைக் கீழே வைத்தாய். "பெரியப்பாவுக்கு சித்தி சொன்னது. சித்தி பாத்தது வேற ஒண்ணு. மத்தவங்கல்லாம் பெரியப்பாகிட்ட கேட்டது. ஆக மொத்தம் ஒரே சோர்ஸ், அதுவும் தப்பு. எவனாவது இப்புடி ஒரு செய்தி கொண்டாந்தா நீ அச்சுக்கு விடுவியா?"

விடமாட்டேன். இரண்டு பேர் தனித்தனியாக உறுதி செய்யாமல் ஒரு வரி எழுதாதவள் என்று வட்டாரத்தில் எனக்குப் பெயர். பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று ஊரே சொல்லியும், வீட்டுக்குப் போய் அவரோடு காபி குடித்துவிட்டு வந்தவள் நான். அப்படிப்பட்டவள், என்னைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் யாரிடமும் கேட்காமல் ஐம்பது ஆண்டு நம்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன். டீக்கடைக்காரர் வரைக்கும் சிரித்தார். நான் பேச்சை மாற்றினேன், மீன் விலை ஏதோ கேட்டேன். நீயும் விட்டுவிட்டாய். வண்டியில் ஏறும்போது மட்டும், "மறுப்புச் செய்தி எப்ப போடுறேன்னு சொல்லு, படம் நான் எடுக்குறேன்" என்றாய்.

உன்னைப் பற்றியும் ஒரு செய்தி இருந்தது. நீ பத்திரிகைக்கு வரும் முன் கல்யாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தாய். உங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் புகைப்படக்காரர்கள் வர முடியாது. அதனால் உனக்கு ஓய்வே கிடையாது. மணப்பெண், மருதாணிக் கை, ஒரே பெரிய சஹன் தட்டுப் பிரியாணியைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள். 'உள்ளே உட்கார்ந்து எடுக்கிறவள், ரோட்டில் நின்று எடுக்க மாட்டாள்' என்பதுதான் உன்னைப் பற்றி அலுவலகத்தில் பேச்சு. முதல் நாளே சாலை மறியலுக்கு அனுப்பினார்கள். விவசாயிகள் நெல்லைக் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் ஒரு பக்கம், பஸ்காரர்கள் ஒரு பக்கம். உன் கை நடுங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எடுத்த படமெல்லாம் கலங்கிப் போயிருந்தது. செய்தி ஆசிரியர் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஜனமெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி இருக்கு" என்றார்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். அடுத்த மறியலுக்கு நீயே கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். அன்றைக்கும் கை நடுங்கியது. படம் தெளிவாக வந்தது. எப்படி என்று கேட்டேன். "கை நடுங்குனா நடுங்கட்டும் லாத்தா. ஷட்டர் ஸ்பீட கூட்டிக்கிட்டேன்." அவ்வளவுதான் சொன்னாய். ஏதோ குழம்புக்குப் புளி கூட்டிய மாதிரி.

கார்த்திகை மழையில் நீ போனாய். நோயைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உன்னைப் பற்றிய செய்தியில் கடைசிப் பத்தி, இடம் போதாவிட்டால் வெட்டிவிடலாம். உன் வீட்டுப் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, உன் உம்மா என் கையைப் பிடித்து, "எப்புடிம்மா வீட்டுக்குப் போவே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் சாதாரணமாகத்தான் கேட்டார்கள். பஸ்ஸில் வந்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட் காலியாக இருந்தது. கண்ணாடி வழியாக அந்தச் சாலை முழுசாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தை மாதம் அறுவடை தொடங்கியதும் என் கணவர் தம் வண்டியில் என்னைக் கூட்டிப்போனார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், உனக்குத் தெரியும். ஒரு கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. நான் கேள்வி கேட்டேன். விவசாயி ஒருவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தோளுக்கு மேலாக அவரிடம், "சார், நீங்களே பாருங்க, எத்தன நாளா கெடக்கு, நல்லா எழுதுங்க சார்" என்றார். எழுதுவது தாம் இல்லை என்று என் கணவர் சொல்லவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்டார். அடுத்த கேள்வியும் அவரே கேட்டார். நான் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன்.

திரும்பும் வழியில், "இன்னிக்கு நல்ல மேட்டர் கெடைச்சுது இல்ல?" என்றார் சந்தோஷமாக.

"யாருக்கு?" என்றேன்.

நம்மிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. இரண்டு பெண்கள் ஒரு வண்டியில் வந்து இறங்கினால் பேச வேறு ஆள் இல்லை அவர்களுக்கு. நம்மிடம்தான் பேச வேண்டும். அதற்கு அடுத்த வாரமே தஞ்சாவூரிலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். இப்போது இருப்பவர் நம்மைவிடச் சின்னவர், மரியாதையானவர். "மேடம், எதுக்கு அலையிறீங்க? டெஸ்க்குக்கு வந்துருங்க. வட்டாரச் செய்திய போன்ல வாங்கிக்கலாம். உங்க அனுபவம் இங்க வேணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தது வேறு. மறுநாள் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன்.

போனில் வாங்கும் செய்தி என்னவாகும் என்று நமக்குத் தெரியும். ஒரு வருஷம் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்து, கடைமடை வரைக்கும், அதாவது கால்வாயின் கடைசி வயல்வரைக்கும் வந்துவிட்டது என்று எல்லோரும் போனிலேயே எழுதினார்கள். நாம் போனோம். கடைசிக்கு முந்தின மதகில் ஆகாயத்தாமரை அடைத்து, தண்ணீர் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே மண் வெடித்துக் கிடந்தது. யாரும் பொய் சொல்லவில்லை; யாரும் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் உன் படம் முதல் பக்கத்தில் வந்தது, அதற்கடுத்த நாள் தாமரையை எடுத்தார்கள். நாற்றங்கால் விட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த இரண்டு நாள் எவ்வளவு பெரியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழகுவதற்கு என் கணவரின் வண்டியோடு ஊருக்கு வெளியே இருக்கும் கொள்முதல் நிலையத்தின் களத்துக்குப் போனேன். கோடையில் அங்கே நெல் இருக்காது. சிமெண்டுத் தரை காலியாகக் கிடக்கும். தேங்காய் மட்டைகளைப் பொறுக்கி வைத்து எட்டு போட்டேன். ஒரு மூலையில் மூன்று பெண்கள் எள் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் வண்டி அவர்களை நோக்கியே போனது. நான் திருப்பினாலும் போனது.

"யக்கா, எள்ளு மேல ஏத்திப்புடாதீங்க, எண்ணெ வந்துரும்!"

"ஏய், அந்தம்மாவ சிரிக்க வைக்காதடி, அப்பறம் நம்ம மேலதான் ஏறும்."

மூன்றாமவள், வயதில் மூத்தவள், இடுப்பில் கைவைத்து நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வண்டிய ஏன் அப்புடி முறைக்கிறீங்க? அது என்ன ஒங்க மாமியாரா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த சுற்றில் வண்டி விழவில்லை.

அந்தச் சுற்றுக்கு முன்னால் பல முறை விழுந்தேன். முழங்கையில் தோல் போனது. கை நடுங்கும். நடுங்கட்டும் என்று விட்டேன், வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். ரொம்ப மெதுவாகப் போனால்தான் வண்டி விழும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். பத்து நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறினேன், துணைக்கு ஆள் இல்லாமல், விதிக்குத் தப்பாகத்தான். ஏறிய அன்றைக்கு ஒரு மினி பஸ் பின்னாலிருந்து ஹாரன் அடித்த அடியில் உன்னையே கூப்பிட்டுவிட்டேன், சத்தமாக. யாருக்கும் கேட்டிருக்காது.

நேற்று என் முறை வந்தபோது மனம் தெளிவாகத்தான் இருந்தது. வலது வளைவு நன்றாகப் போனது. நடுவில் கடந்தேன். இடது வளைவில் திரும்பும்போது வண்டி தானாகச் சாய்வது போலிருந்தது. கால் கேட்காமலே தரைக்குப் போய்விட்டது. ஆய்வாளர் முப்பது வயதிருக்கும் பெண். அருகில் வந்து, வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மேடம், இதுவரைக்கும் பின்னாடி உக்காந்தே போய்ப் பழக்கமா?"

"ஆமாங்க."

"ஒருபக்கமாவா?"

"ஆமா."

"தெரியுது. லெஃப்ட்ல திரும்பையில வண்டி சாயறதுக்கு முன்ன நீங்க சாயிறீங்க. கை முன் சீட்டுல இருக்கு, உடம்பு இன்னும் பின் சீட்டுலயே இருக்கு."

நான் செய்தியாளர் என்பதால் ஒரு கேள்வி கேட்காமல் வர முடியவில்லை. "எனக்கு பேலன்ஸ் இல்லன்னு சொல்றீங்களா?"

"அப்படி நான் சொல்லலையே. பேலன்ஸ் இருக்கு, எடம் மாறி இருக்கு. ஒரு வாரம் பழகிட்டு வாங்க."

தகுதியுள்ள ஒருவர், என்னை நேரில் பார்த்து, இந்த விஷயத்தைப் பற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. இத்தனை ஆண்டும் நான் இடப்பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், வண்டி எப்படி நேராகப் போனது? நீ வலப்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறாய். ஒவ்வொரு பயணத்திலும், ஒவ்வொரு திருப்பத்திலும். மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வலது தோளைத் தேய்த்துக்கொள்வாய். கேமராப் பையின் கனம் என்பாய். பை எப்போதும் உன் இடது தோளில்தான் தொங்கும். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்கவில்லை. நீ ஒரு நாளும் "நேரா உக்காரு" என்று சொன்னதில்லை.

அந்தச் சாய்வு இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ஒரு வாரத்தில் அது முழுசாகப் போகுமா என்று தெரியவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு எதிராக எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை இனி என் தோள் கற்றுக்கொள்ளும். இன்று மாலை களத்துக்குப் போகிறேன். இடது வளைவு மட்டும் போடப் போகிறேன், இருட்டும் வரை.

இந்த ஆண்டுத் தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது. கடைமடைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்துவிடும் என்று கால்வாய் அதிகாரி சொல்கிறார். நேற்றே செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டு, டெஸ்க்குக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைப் பக்கத்தில் கடைமடைக்கு இடம் கேட்டேன்.

"யாருகூட போறீங்க மேடம்?"

"தனியா."

"படம்?"

"நானே எடுக்குறேன்."

"எடுத்துப் பழக்கம் உண்டா?"

"இல்ல. எடுத்து அனுப்புறேன், பாருங்க."

படம் வந்தால் இடம் தருகிறேன் என்றார்.

மறுதேர்வு அடுத்த வியாழக்கிழமை காலை. அதிலும் காலை ஊன்றினால், எல் பலகையோடு போவேன். உரிமம் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. என் கணவரிடம் உரிமம் இருக்கிறது. நேற்று சாப்பிடும்போது சொன்னேன், பின்னால் உட்கார வேண்டியிருக்கலாம் என்று.

"நான் பின்னாடியா?" என்றார். பிறகு மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "எதப் புடிச்சுக்கறது?" என்று கேட்டார்.

"சீட்டுக்குப் பின்னால கம்பி இருக்கு. அங்க எறங்குனதும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

"ஈரப்பதம் கூடவா?"

"அதுவுந்தான்."

சரி என்றார். தனியாகவா, அவரோடா என்பது வியாழக்கிழமை மதியத்துக்குள் தெரியும். தண்ணீர் வந்ததா என்பது வெள்ளிக்கிழமை, நான் அந்தக் கடைசி மதகில் இறங்கி நிற்கும்போது.